முகத்தைப் படித்த மருத்துவர் துஷென்

கணினி அறிவியல் படிக்கும் ஒருவன் மருத்துவர் ஒருவரின் வரலாற்றை எழுத வந்தது ஏன் என்று இம்மலரைப் புரட்டும் நண்பர்கள் கேட்கக்கூடும். காரணம் இருக்கிறது. இன்று திரைப்படத்திலும் கணினி விளையாட்டிலும் உயிரற்ற உருவங்கள் பேசுகின்றன, சிரிக்கின்றன, அழுகின்றன. நடையிலும் ஓட்டத்திலும் அவை நம்மை எளிதில் ஏமாற்றிவிடுகின்றன. முகம் அருகில் வந்ததும் குட்டு வெளிப்பட்டுவிடுகிறது. வாய் சிரிக்கிறது, கண் சிரிக்கவில்லை. குரல் வருகிறது, உதடு முன்னே பின்னே அசைகிறது. இக்குறையைத் தீர்க்கும் வழிகளைத் தேடிப் படித்தபோது, ஒரு பிரெஞ்சு மருத்துவரின் பெயர் எனக்குத் திரும்பத் திரும்ப எதிர்ப்பட்டது. அவர் இறந்து சுமார் 150 ஆண்டுகள் ஆகின்றன. கணினி இருக்கட்டும், திரைப்படமே அவர் மறைந்து இருபது ஆண்டுகள் கழித்துத்தான் மக்கள் முன் வந்தது. ஆயினும் இன்று கணினித் திரையில் ஒரு முகம் சிரிக்கும்போது, அவர் கண்டறிந்த இரண்டு தசைகளைக் கொண்டே அது சிரிக்கிறது.

கியோம் பெஞ்சமின் அமான் துஷென் 1806ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள், பிரான்சின் வடகரையிலுள்ள பூலோன் என்னும் துறைமுக ஊரில் பிறந்தார். தலைமுறை தலைமுறையாகக் கடலை நம்பிய குடும்பம். தந்தை கப்பல் தலைவர். மகனும் கடலுக்குப் போகவேண்டும் என்றே விரும்பினார். மகனோ அறிவியலை விரும்பினார். கடலுக்குப் போகும் வீட்டில் பிறந்த பிள்ளை புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வெளியூர் போனால் வீட்டில் என்னென்ன பேச்சு எழும் என்பதை எங்கள் வகுப்பில் பாதிப்பேருக்கு விளக்கத் தேவையில்லை. துவே என்ற ஊரில் பள்ளிப்படிப்பை முடித்துப் பாரிசுக்குச் சென்று மருத்துவம் பயின்றார். 1831இல் பட்டம் பெற்று, பெரிய நகரில் தங்காமல் சொந்த ஊருக்கே திரும்பினார். மீனவருக்கும் மாலுமிகளுக்கும் மருத்துவம் பார்க்கும் எளிய மருத்துவராக அவர் வாழ்க்கை தொடங்கியது.

அந்த வாழ்க்கை இரண்டே ஆண்டில் இடிந்தது. திருமணமாகி மகன் பிறந்தான். மனைவி பேறுகாலக் காய்ச்சலில் இறந்துபோனார். பேறு பார்த்தவர் துஷெனே. உடன் வேறு யாரும் இல்லை. அதுவே பழிக்கு இடமாயிற்று. மனைவியின் தாய் ஊரெங்கும் குறை சொன்னார். குழந்தையை மனைவி வீட்டார் எடுத்துக்கொண்டனர். தந்தையும் மகனும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பிரிந்தே இருந்தார்கள். சிற்றூரில் மருத்துவர் மீது பழிச்சொல் விழுந்தால் வாயிற்படியில் நோயாளி குறைவார் என்பது எல்லா நாட்டுக்கும் பொது.

இந்த இருண்ட ஆண்டுகளில்தான் மின்சாரம் அவர் கைக்கு வந்தது. அன்று சில மருத்துவர்கள் உடலில் ஊசியைச் செருகி அதன் வழியே மின்சாரம் பாய்ச்சி நரம்புவலிக்குச் சிகிச்சை செய்துவந்தனர். 1835 அளவில் துஷெனும் அதைச் செய்துபார்த்தார். ஊசி குத்திய இடத்தில் ஒரு தசை மட்டும் தனியே துடிப்பதைக் கண்டார். மற்றவர்களுக்கு அது பக்க விளைவு; இவருக்கு அதுவே கேள்வியாயிற்று. உடலில் நூற்றுக்கணக்கான தசைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அவற்றில் எது எந்த அசைவைச் செய்கிறது? பிணத்தை அறுத்துப் பார்த்தால் தசையின் இருப்பிடம் தெரியும், அதன் வேலை தெரியாது. உயிருள்ள உடலில் ஒரே ஒரு தசையை விரும்பியபோது இயக்க முடிந்தால் வேலையும் தெரியும் அல்லவா?

ஊசியை அவர் கைவிட்டார். ஈரமான முனைகளைத் தோலின் மேல் அழுத்தி வைத்தாலே போதும், தோலைத் துளைக்காமல் அடியிலுள்ள தசையை எட்டலாம் என்று கண்டார். துஷென் பட்டம் பெற்ற அதே 1831இல் பாரடே கண்டறிந்த மின்தூண்டல் தத்துவத்தால் இயங்கும் கம்பிச்சுருள் கருவியே அவருக்கு ஏற்றதாக இருந்தது. அதைத் தம் தேவைக்கேற்பத் தாமே திருத்தி அமைத்துக்கொண்டார்.

1842இல் கருவியுடன் பாரிசுக்குக் குடிபெயர்ந்தார். அங்கு அவருக்குப் பதவி இல்லை, பேராசிரியர் பட்டம் இல்லை, சொந்தமாக ஒரு மருத்துவமனைக் கூடமும் இல்லை. கடைசிவரை இவை கிடைக்கவும் இல்லை. காலையில் கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏதாவதொரு மருத்துவமனைக்குப் போவார். கூடங்களில் படுத்திருக்கும் நோயாளிகளைப் பார்ப்பார். தசை தளர்ந்தவர், நடை குலைந்தவர், பேச்சிழந்தவர் என்று ஒவ்வொருவரையும் ஆராய்வார். ஒரு நோயாளி வேறு மருத்துவமனைக்கு மாற்றப்பட்டால் அங்கும் தேடிப்போவார். ஆண்டுக்கணக்கில் ஒரே ஆளைத் தொடர்ந்ததும் உண்டு. பெரிய மருத்துவர்கள் இந்த வெளியூர்க்காரரைப் பார்த்துச் சிரித்தார்கள். பாரிசில் ஏறக்குறைய இதே பெயர் கொண்ட மற்றொரு மருத்துவர் இருந்ததால், இவர் தம்மைப் பூலோன் ஊர்த் துஷென் என்றே எழுதிக்கொண்டார். நோயாளிகள் மட்டும் மறுக்கவில்லை. பின்னாளில் நரம்பு மருத்துவத்தின் தந்தை என்று புகழப்பட்ட ஷார்கோ, சால்பெத்ரியேர் மருத்துவமனையில் இவருக்கு இடமளித்து, இவரையே தம் ஆசானாக மதித்தார்.

மருத்துவர்கள் இன்று துஷென் பெயரைச் சொல்வது பெரும்பாலும் சிறுவர்களின் தசைகளைச் சிறிது சிறிதாகத் தளரவைக்கும் கொடிய நோயை ஒட்டியே. அந்நோயை 1860களில் அவர் விரிவாக எழுதினார். அந்த வரலாறு தனிக்கட்டுரைக்கு உரியது. நான் முகத்துக்கு வருகிறேன்.

கைத்தசை எலும்பையும் எலும்பையும் இணைக்கிறது. சுருங்கினால் எலும்பு மடங்குகிறது. முகத்தின் பெரும்பாலான தசைகள் அப்படியல்ல. ஒருமுனை எலும்பில் இருந்தாலும் மறுமுனை தோலிலேயே முடிகிறது. எனவே அவை சுருங்கும்போது தோலே இழுபடுகிறது. மடிப்பும் குழியும் சுருக்கமும் உண்டாகின்றன. அவற்றைத்தான் நாம் கோபம் என்றும் துயரம் என்றும் படிக்கிறோம். இந்தத் தசைகளை ஒவ்வொன்றாக எழுப்பிப் பார்க்கத் துணிந்தார் துஷென்.

தொல்லை ஒன்று இருந்தது. மின்முனையை முகத்தில் வைத்தால் வலிக்கும். வலித்தால் முகம் தானாகவே சுளிக்கும். எது மின்சாரம் செய்தது, எது வலி செய்தது என்று பிரிக்க முடியாது. அப்போது அவருக்கு ஒரு முதியவர் கிடைத்தார். செருப்புத் தைக்கும் தொழிலாளி, பல் விழுந்தவர், மெலிந்தவர். ஒரு நோயினால் முகத்தில் உணர்ச்சி அற்றுப்போயிருந்தது. மின்சாரம் பாய்ந்தாலும் வலி தெரியாது. மெலிந்த முகமாதலால் ஒவ்வொரு தசையும் தோலுக்கடியில் தெளிவாகத் தெரிந்தது. இன்னும் உயிர்ப்பு நீங்காத பிணத்தில் சோதனை செய்வதைப் போன்றே இவரிடம் செய்ய முடிந்தது என்ற பொருளில் துஷென் எழுதியிருக்கிறார். படித்தபோது எனக்கு அந்த ஒப்புமை பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. முதியவரின் முகத்தைப் படம் படமாக நமக்குத் தந்தவர் அவர் பெயரைத் தரவில்லை.

புகைப்படக் கலை அப்போது இளமையாக இருந்தது. ஒரு படம் பதிய வினாடிக்கணக்கில் நேரம் வேண்டும். முகபாவமோ மின்னல்போல் வந்து மறையும். மின்சாரம் தசையைச் சுருங்கிய நிலையிலேயே பிடித்து நிறுத்தியதால் பாவம் நிலைத்து நின்றது. புகழ்பெற்ற நதாரின் தம்பி அத்ரியேன் தூர்னஷோன் படமெடுக்க உதவினார். பின்னர் துஷென் தாமே கற்றுக்கொண்டார். 1862இல் மனித முகபாவத்தின் இயக்கம் பற்றிய அவர் நூல் இப்படங்களுடன் வெளிவந்தது. படங்களில் முதியவரின் கன்னத்திலும் நெற்றியிலும் மின்முனைகள் அழுத்தியிருக்கின்றன. பின்னாலோ பக்கத்திலோ மருத்துவரும் நிற்கிறார். பிறர் கையால் இயக்கப்படும் முகம்! இன்று நாம் கணினியில் செய்வதற்கு முன்னோடி எது என்று என்னைக் கேட்டால் கார்ட்டூனைக் காட்டமாட்டேன், இந்தப் படங்களையே காட்டுவேன்.

அவர் கண்டவற்றுள் இரண்டைச் சொல்லவேண்டும். முதலாவது புருவம். புருவத்தை உள்நோக்கிச் சுருக்கும் சிறிய தசை ஒன்று உண்டு. அதைமட்டும் தூண்டியபோது முகம் முழுவதும் வேதனையில் வாடியதாகத் தோன்றியது. வாய்கூடத் துன்பப்பட்டதுபோல் இருந்தது. ஆனால் புருவத்தை மறைத்துவிட்டுப் பார்த்தால் கீழ்ப்பகுதி அமைதியாக, அசைவே இன்றி இருந்தது. அசைந்தது ஓரிடம், துன்பத்தை மீதி முகத்துக்குப் பரப்பியது பார்ப்பவரின் கண். நண்பர்கள் ஒரு புகைப்படத்தின் மேற்பாதியைத் தாளால் மறைத்து இதைச் சோதிக்கலாம். கணினி முகம் செய்பவருக்கு இதைவிடப் பயனுள்ள பாடம் அரிது. எல்லாவற்றையும் அசைத்தால் உயிர் வந்துவிடும் என்று எண்ணி நூறு புள்ளிகளை ஆட்டுகிறார்கள். சரியான ஒன்றை ஆட்டினால் மீதியைப் பார்ப்பவன் செய்துகொள்வான்.

இரண்டாவது சிரிப்பு. கன்ன எலும்பிலிருந்து உதட்டோரம்வரை வரும் தசை உதட்டோரத்தை மேலே இழுக்கிறது. துஷென் அதைத் தூண்டினார், முதியவர் சிரித்தார். ஆனால் அது சிரிப்பாக இல்லை. உதட்டளவில் நின்ற, பொய்யான இளிப்பாக இருந்தது. உண்மையாக மகிழும்போது கண்ணைச் சுற்றி வளையமாக உள்ள தசையும் சுருங்குகிறது. கீழிமை சற்றே உயர்கிறது, கன்னம் மேலெழுகிறது, கண்ணோரத்தில் கோடுகள் விழுகின்றன. உதட்டுத் தசை நம் ஏவலுக்குப் பணியும். கண்தசை மனம் மகிழ்ந்தால்தான் வரும் என்பது துஷெனின் முடிவு. பின்வந்த ஆய்வுகள் இதைச் சிறிது திருத்தியுள்ளன. முயன்றால் கண்தசையையும் இயக்கக்கூடியவர்கள் உண்டு என்று தெரியவந்திருக்கிறது. நல்ல நடிகர்கள் இருப்பதே அதனால்தானோ என்னவோ! ஆனால் இரு தசைகளும் சேர்ந்த புன்னகையை உளவியலார் இன்றும் துஷென் புன்னகை என்றே அழைக்கின்றனர்.

உதட்டைப் பற்றியும் அவர் கற்றார். அது சோதனையால் அன்று, நோயால். 1860இல் அவர் விவரித்த ஒரு வாத நோயில் நாக்கும் உதடும் தொண்டையும் படிப்படியாகச் செயலிழக்கின்றன. அறிவு தெளிவாக இருக்கும், பேச்சு உதிர்ந்துபோகும். உதடு தளரத் தளர, அதைக் குவித்துச் சொல்லவேண்டிய ஒலிகளும் மூடித் திறக்கவேண்டிய ஒலிகளும் போய்விடும். நம் மொழியில் ஊகாரமும் ஓகாரமும் போவதை, பின்பு பகரமும் மகரமும் போவதை எண்ணிப் பாருங்கள். அம்மா என்றும் அப்பா என்றும் அழைக்க முடியாது. பகரமும் மகரமும் இதழால் பிறப்பன என்று தொல்காப்பியம் வகுத்ததை இலக்கண வகுப்பில் படித்திருக்கிறோம். உயிருள்ளவரின் வாயிலிருந்து அந்த ஒலிகள் ஒவ்வொன்றாக நீங்குவதைக் கட்டில் அருகே நின்று கண்டவர் துஷென்.

கணினி உருவத்துக்குக் குரலையும் உதட்டையும் பொருத்துவோர் இதே கணக்கைத்தான் தலைகீழாகப் போடுகிறார்கள். பகரத்துக்கும் மகரத்துக்கும் உதடு மூடியே தீரவேண்டும். அங்கே தவறினால் பார்ப்பவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். பகரமும் மகரமும் கண்ணுக்கு ஒன்றே, காதுக்கே வேறு. ஆகவே எழுத்துக்கு ஒரு வாய்வடிவம் என்று வைக்காமல் ஒத்த தோற்றமுடைய ஒலிகளை ஒரே குழுவாக்குகிறார்கள். ஒலியை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினாலும் போதாது. கண்ணாடி முன் நின்று கீரி என்றும் கூரை என்றும் சொல்லிப் பாருங்கள். இரண்டும் ககரத்தில் தொடங்குகின்றன. ஆனால் கூரை என்னுமுன்பே உதடு குவிந்துவிடுகிறது. வரப்போகும் உயிரொலிக்கு அது முன்கூட்டியே தயாராகிறது. இந்த முன்தயாரிப்பை விட்டுவிட்டால் உருவம் பேசாது, வாயைக் கொட்டாவிபோல் திறந்து மூடும்.

துஷெனின் நூல் மருத்துவருக்கு மட்டும் எழுதப்பட்டதன்று. ஓவியரும் சிற்பியும் அதைப் பயன்படுத்தவேண்டும் என்பது அவர் ஆசை. பாம்புகள் சுற்றி நெரிக்க வலியில் துடிக்கும் லாவோகூன் என்ற உலகப்புகழ் பெற்ற பழஞ்சிலையிலேயே அவர் குற்றம் கண்டார். அதன் புருவம் வலியில் சாய்ந்திருக்கிறது. அப்படிச் சாயும்போது நெற்றியில் அவ்வாறு நீளக்கோடுகள் விழ இயலாது என்று காட்டித் திருத்திய வடிவம் ஒன்றையும் செய்வித்தார். நக்கீரரின் துணிவு! கலைக்கென்று அவர் சேர்த்த பகுதியில், கண்பார்வை மங்கிய ஒரு பெண் நோயாளிக்கு ஷேக்ஸ்பியரின் லேடி மேக்பத் முதலிய வேடங்கள் தந்து, முகத்தின் இருபாதியிலும் வெவ்வேறு தசைகளைத் தூண்டிப் படமெடுத்தார். இடப்பாதியை மறைத்தால் ஒரு பாவம், வலப்பாதியை மறைத்தால் வேறொன்று. திறமை வியப்பூட்டுகிறது. எனினும் எனக்குச் செருப்புத் தைப்பவரின் படங்களே மேலானவை. அவற்றில் வேடம் இல்லை.

நூல் பிரான்சில் பெரிய வரவேற்பைப் பெறவில்லை. ஆனால் அதே காலத்தில் மகன் எமீல் தந்தையிடம் திரும்பி வந்தார். மருத்துவராகித் தந்தையின் பணியில் சேர்ந்தார். அந்த மகிழ்ச்சியும் நீடிக்கவில்லை. தந்தைக்கு முன்பே மகன் டைபாய்டுக் காய்ச்சலில் இறந்தார். 1875 செப்டம்பரில் துஷென் பாரிசில் காலமானார். தம் புகைப்படங்களை அவ்வாண்டே பாரிசின் நுண்கலைக் கல்லூரிக்கு அளித்திருந்தார். பதவி தராத மருத்துவக் கழகங்களுக்கு அன்று, ஓவிய மாணவருக்கு.

அவர் விதைத்தது மெல்லவே முளைத்தது. 1969இல் சுவீடன் நாட்டு உடற்கூற்று அறிஞர் யோர்த்சோ முகத்தசைகளின் அசைவுகளை வகைப்படுத்தினார். 1978இல் அமெரிக்காவின் எக்மனும் பிரீசனும் முகத்தின் அசைவுகளுக்கெல்லாம் எண்கள் தந்து ஒரு முறையை வெளியிட்டனர். தங்களால் தாமாக அசைக்க முடியாத தசைகளுக்கு ஊசி செருகி மின்சாரம் பாய்ச்சியும் பார்த்தனராம். துஷென் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். அந்த முறையில் உதட்டோரம் உயர்வது 12ஆம் எண், கன்னம் உயர்ந்து கண் சுருங்குவது 6ஆம் எண். இரண்டும் சேர்ந்தால் துஷெனின் மெய்ச்சிரிப்பு. மறுபுறம், அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் பிரடெரிக் பார்க் என்பவர் 1972இல் கணினியில் ஒரு மனித முகத்தை அசைத்துக் காட்டினார். இரண்டாண்டில் அதைப் பேசவும் வைத்தார். 1987இல் கீத் வாட்டர்ஸ் தோலைப் பின்னல் வலையாகவும் தசைகளை அவ்வலையை இழுக்கும் விசைகளாகவும் கணினியில் அமைத்தார். இரு ஆறுகளும் கலந்தபின் வந்தவையே 2005இல் வெளியான கிங்காங் குரங்கின் முகமும், 2017 முதல் சில கைப்பேசிகள் நம் முகத்தை ஐம்பதுக்கும் மேற்பட்ட அசைவுகளாக அளந்து சொல்லும் வசதியும்.

ஒரு சோதனை மட்டும் சொல்ல எஞ்சியிருக்கிறது. துஷெனின் நூலைப் படித்து மதித்தவர்களில் ஒருவர் சார்லஸ் டார்வின். முகபாவங்களுக்கு துஷென் கடவுளின் திட்டத்தைக் காரணம் காட்டினார். டார்வின் விலங்குகளோடு நமக்குள்ள உறவைக் காரணம் காட்டினார். கருத்து வேறாயினும் துஷெனின் இசைவு பெற்று அவர் படங்களைத் தம் 1872ஆம் ஆண்டு நூலில் சேர்த்தார். அச்சிடுமுன் அவற்றைப் பலரிடம் காட்டிப் பொருள் கேட்டார். மின்சாரத்தால் உண்டாக்கிய சிரிப்பை 24 பேரிடம் காட்டினார். மூவருக்கு அது என்னவென்றே விளங்கவில்லை. மற்றவர்கள் சிரிப்பின் சாயல் என்று கண்டார்களே தவிர, அதை இயல்பான சிரிப்பாக ஏற்கவில்லை. கணினியில் முகம் செய்து அதை நண்பர்களிடம் காட்டும் ஒவ்வொருவரும் இன்று செய்வது இதே சோதனை.

அதே பக்கத்தில் முதியவரின் மற்றொரு படமும் இருக்கிறது. அதில் கருவி இல்லை, கம்பி இல்லை. செருப்புத் தைப்பவர் தாமாகவே சிரிக்கிறார். அதைப் பார்த்தவர்கள் யாரும் தயங்கவில்லை.